விலாங்குத் தலைக்குப் பக்கத்தில்

அப்பாவின் திவசம் தையில் வரும். பிராங்பேர்ட் வீட்டின் மூன்றாம் மாடிப் பல்கனியில் கத்தரிக்காய்க் கறியோடு சைவப் படையல் சோற்றை வைத்துவிட்டு, தொண்டை காயும்வரை காகத்தைக் கூப்பிடுவேன். இந்த ஊர்க் காகங்களுக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது. இந்த வருடமும் ஒன்றுகூட வரவில்லை.

"இஞ்சருங்கோ, காகம் வருமட்டும் நாங்களும் பட்டினியோ?" என்றாள் மனைவி.

கீழே எட்டிப் பார்த்தால், முற்றத்து மரக்குற்றியைச் சுற்றிக் காகக் கூட்டம். எரிச்சலோடு தட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

குற்றியில் ஒரு விலாங்கு மீன் தலை கிடந்தது. வைத்தவர், பக்கத்திலேயே நின்ற கீழ்வீட்டுப் பெண். கனடாவின் கிழக்குக் கரையில் வாழும் மிக்மாக் பூர்வகுடியைச் சேர்ந்தவர். நடுக்குளிர்காலத்தில் இப்படிப் பனியில் உணவு வைத்து, இதுவரை தங்களை உயிரோடு வைத்திருந்ததற்குக் குளிர்காலத்தின் ஆவிக்கு நன்றி சொல்வார்களாம். என் தட்டைப் பார்த்ததும், மீன் தலையைச் சற்றே நகர்த்தி இடம் விட்டார்.

திவசப் படையலை மீனுக்குப் பக்கத்தில் வைப்பதா? மனம் கூசியது. ஆனாலும் வைத்தேன்.

ஒரு காகம் வந்தது. மீனை இரண்டு கொத்துக் கொத்திவிட்டுத்தான் என் சோற்றுக்குத் திரும்பியது.

அப்பாவும் அப்படித்தான். மீனை ருசி பார்க்காமல் சோற்றில் கை வைக்க மாட்டார்.

அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னேன். இடம் விட்டதற்கு என்று நினைத்திருப்பார். இத்தனை வருடமும் அப்பாவை நான் கத்தரிக்காய்க்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?