வரிசை பிடித்த சமக்குறிகள்

பசுமலையில் என் வீட்டு மாடியறையில், மத்தியான வேளைகளில், பாதித் தூக்கத்தில்தான் நான் ஒரு செயலியின் கம்ப்யூட்டர் நிரலைப் படிப்பது. மதுரையைச் சுற்றி ஓடும் பஸ்களின் நேரம் காட்டும் செயலி அது. நாலைந்து பேர் ஆசைக்கு எழுதியது. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். வந்ததைப் படித்துச் சேர்ப்பதோ திருப்பி அனுப்புவதோ என் பொறுப்பு.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. நிரலின் அடுத்தடுத்த வரிகளில் வரும் '=' என்ற சமக்குறிகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க வேண்டும். அம்மா நடவுக்குப் போனவள். கயிறு பிடித்து நட்ட வயலை வரப்பில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்த கண் இது. ஃபேன் காற்றில் கண் செருகும்போது, பெரிய திரையில் அந்தக் குறிகள் தண்ணீரில் நிற்கும் நாற்றுகளாக மெல்ல அசையும். அந்தச் சுகத்துக்காகப் பலரைப் படுத்தியிருக்கிறேன்.

அலங்காநல்லூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு திருத்தம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊருக்குள் பஸ் வருவதில்லை என்று செயலி காட்டுகிறது, ஆனால் வருகிறது. செயலியை நம்பி வெளியூர்க்காரர்கள் மெயின் ரோட்டிலேயே இறங்கி வெயிலில் நடக்கிறார்கள். முப்பத்தொரு வரியில் அந்தப் பிழையைச் சரிசெய்திருப்பதாக எழுதியிருந்தார்கள். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சமக்குறிகளுக்கு முன்னால் இடைவெளி சரியில்லை, வாசிக்கக் கண் வலிக்கிறது என்று எழுதித் திருப்பினேன். மன்னிப்போடு மறுபடி வந்தது. சில வரிகள் ஓரிடம் தள்ளி நின்றன. திருப்பினேன். மூன்றாம் முறையும் திருப்பியபோது பதில் வேறு மாதிரி வந்தது.

"லைனை விடுங்க சார். ஞாயித்துக்கெழம பஸ் உள்ள வருதா இல்லையான்னு நீங்களே ஏறி வந்து பாருங்க."

சுருக்கென்று கோபம் வந்தது. வருகிறேன் என்று எழுதிவிட்டு அந்த ஞாயிறே ஏறினேன். ஜன்னலில் வயல்களும் வாழைத் தோப்புகளும் மாறி மாறிப் போக, கோபம் எங்கோ கரைந்து கண் சொக்கியது. விழித்தபோது பஸ் மெயின் ரோட்டை விட்டு ஊருக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

நிறுத்தத்தில் ஒரு பெண் நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும். அவர்தான் அனுப்பியவர். முதல்முறை அனுப்பியபோதே, அடுத்த வாரம் செயலியில் நம்ம ஊர் ஞாயிறு பஸ் வந்துவிடும் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாராம். ஒரு மாதமாகக் கேலி தாங்கவில்லையாம். குறிகளை நேராக்குவது லேப்டாப்பில் ஒரு நிமிட வேலைதானே என்றேன்.

"காலேஜ்ல குடுத்த லேப்டாப் செத்து ரொம்ப நாளாச்சுண்ணே. அம்புட்டும் இதுலதான்" என்று போனை நீட்டினார்.

அந்தச் சின்னத் திரையில் ஒவ்வொரு வரியும் மூன்றாக மடிந்து கிடந்தது. என் வயல் அங்கே உதறிப்போட்ட வைக்கோல். எந்தச் சமக்குறி எங்கே நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு எப்படித்தான் சரிபண்ணினீர்கள் என்று கேட்டதற்கு, பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தார். ஒவ்வொரு வரிக்கும் எத்தனை இடைவெளி என்று எண்ணி எழுதியிருந்தார். ஏழு, பதினொன்று, நாலு. அதை அடித்து மறுபடி. அதையும் அடித்து மறுபடி.

வெட்கமாகிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் என் போனை எடுத்து, அந்த முப்பத்தொரு வரிகளையும் அங்கேயே நின்று படித்தேன். என்ன செய்கிறது என்று அதை முதல்முறையாகப் படித்தது அன்றைக்குத்தான். தெளிவாக இருந்தது. சேர்த்துவிட்டுக் காட்டினேன்.

அவர் உடனே சிரிக்கவில்லை. நோட்டை மூடாமல், "இப்ப எல்லாம் நேரா நிக்குதாண்ணே?" என்று கேட்டார்.

என் போனிலும் வரிகள் மடிந்துதான் கிடந்தன.

"தெரியலம்மா" என்றேன்.