ஜஸ்லீனின் காப்புக்காகக் குரோய்டன் வரை

போன செவ்வாய்க்கிழமை கிழக்கு லண்டன் செவன் கிங்ஸிலிருந்து தெற்கே குரோய்டன் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல, வேலைத் தீர்ப்பாயத்தில் சாட்சி சொல்ல. நாங்கள் சான்ட்விச் பொதி செய்யும் தொழிற்சாலையில், என் சீக்கியத் தோழி ஜஸ்லீன் கையிலிருந்த இரும்புக் காப்பைக் கழற்ற மறுத்து வேலையை இழந்தாள். அது அவளுடைய மத அடையாளம். "மணிக்கட்டில் ஒன்றும் இருக்கக்கூடாது" என்று சொன்னவர் மேற்பார்வையாளர் குமரன் அண்ணை. பட்டம் முடித்துச் சும்மா இருந்த எனக்கு அங்கே வேலை எடுத்துத் தந்தவரும் அவர்தான்.

நிறுவனத்தின் பக்கம் சாட்சியும் அவர்தான். முதல்நாள் பின்னேரம் போன் எடுத்தார்.

"பிள்ளை, நான் காரில போறன். நீயும் வாவன்."

"இல்லை அண்ணை, ட்ரெயினில வாறன்."

"ஏன், என்னோட வர ஏலாதோ?" என்று சிரித்தார். இரண்டு வருடத்தில் அவர் யாரையும் காரில் ஏற்றி நான் பார்த்ததில்லை.

காலை 7.42க்கு எலிசபெத் லைன் ரயில். பாரிங்டனில் மாறினால் கிழக்குக் குரோய்டனுக்கு நேர் ரயில். வீட்டிலிருந்து ஒரு மணி இருபது நிமிடம். எதிரே இருந்தவர் என் சாட்சி வாக்குமூலப் பைலையே பார்ப்பதாகப் பட்டது. அதைக் கவிழ்த்து மடியில் வைத்தேன். அரைக்கண்ணோடு தூங்குகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்டேஷன் வாசலில் தேநீர் 2.80 பவுண்ட். வாங்காதீர்கள், வெறும் சுடுதண்ணீர்.

காத்திருப்பு அறையில் ஜஸ்லீன் ஆங்கிலத்தில் சொன்னாள்: "நீ வரமாட்டாய் என்று பந்தயம் கட்டியிருந்தேன்."

"யாரோடு?"

"என்னோடுதான்."

சமத்துவச் சட்டம் சீக்கியர்களை மதத்தாலும் இனத்தாலும் பாதுகாக்கிறது என்று படித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் விசாரணையில் நிறுவனத்தின் வழக்கறிஞர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "விதி எல்லாருக்கும் ஒன்றுதானே?"

அண்ணையைப் பார்த்தேன். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துப் பொத்தான் போட்டிருந்தார். ஒருநாளும் அப்படிப் போடாதவர். நான் என் சட்டைக் கையை மடித்துவிட்டேன். சிவப்புக் கோயில் நூல். இருவரும் ஒரே திருவிழாவில் கட்டியது.

"இதோடுதான் வேலை செய்கிறேன். அவருக்கும் இருக்கிறது. எங்களை யாரும் கழற்றச் சொல்லவில்லை," என்றேன். அண்ணை தன் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு தபாலில் வரும்.

இப்படிப் போக வேண்டியவர்களுக்கு: அரை மணி முன்னதாகப் போங்கள், வாசலில் பையைச் சோதிப்பார்கள். சாட்சி சொன்னவரை வேலையில் பழிவாங்கினால் அதற்கும் சட்டப்படி வழக்குப் போடலாம். வீடு வந்து அடுத்த வார ஷிப்ட் பட்டியலைத் திறந்தேன். என் பெயர் வழக்கம்போல ஐந்து நாளும் இருந்தது. அதையும் நான் நம்பவில்லை. பிறகு மாறினால் ஆதாரமாக இருக்கட்டும் என்று படம் எடுத்து ஜஸ்லீனுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன்.