செல்வியோடு ஓடிய கரை

இன்று காலை சாந்தோம் கடற்கரையில் ஓடும்போது காயும் நெத்திலியின் வாசம் மூக்கில் ஏறியது. கால்கள் தானாக வேகம் குறைந்தன. என் சிறுவயதில் இங்கே வரிசையாகக் குடிசைகள் இருந்தன. கடைசிக் குடிசையில் இருந்த என் தோழி செல்வியும் பக்கத்துத் தெருவில் இருந்த நானும் தினமும் பள்ளிக்கு முன்பு, உலரும் வலைகளைத் தாண்டி, கட்டுமரங்களைச் சுற்றி, அலை நனைத்த கெட்டி மணலில் அடையாறு முகத்துவாரம் வரை வெறுங்காலோடு ஓடுவோம்.

ஒருநாள் குடிசைகளை இடித்து, அங்கிருந்த எல்லோரையும் ஊருக்கு வெளியே குடியமர்த்தினார்கள். லாரியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த செல்வி கத்தினாள்:

“அங்க கடலே கெடியாதாம்டி! நான் எங்க போய் ஓடுறது?”

லாரி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

மறுநாள் தனியாக ஓடப் போனேன். பாதியிலேயே நடந்து திரும்பினேன். அந்தக் கரை அவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.