கள்ளப் பெட்டை

ஏரிகள் வறண்டுபோன அந்தக் கோடையில் மயிலாப்பூரின் எங்கள் சந்துக்குத் தண்ணீர் லாரி மூன்று நாளைக்கு ஒருமுறை வந்தது. எத்தனை மணிக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. பத்துக் குடும்பங்களுக்குத் தண்ணீர் கிடைக்கும் என்பது மட்டும் ஓரளவு நிச்சயம். சந்தில் இருந்தவை பதினான்கு குடும்பங்கள்.

முதல் இரண்டு வாரங்கள் சண்டையில் போயின. ஒருவர் குடத்தை ஒருவர் காலால் தள்ளினார்கள். கீழ்வீட்டு மாமிக்கும் எதிர்வீட்டு டீச்சருக்கும் பேச்சு நின்றது. கடைசியில் எல்லோரும் சேர்ந்து, இரண்டு கட்சியிலும் சேராத ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் எங்கள் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். மனைவியோடும் மகளோடும் முந்தின வருஷம்தான் குடிவந்திருந்தார். மகள் என் வகுப்பு. அவரை நான் மாடி மாமா என்று கூப்பிடுவேன்.

மாடி மாமா ஒரு ஏற்பாடு செய்தார். தினசரி காலண்டரில் கிழித்துவிட்ட மே மாதத் தாள்களில் ஒன்றிலிருந்து பதினான்கு வரை எடுத்துக்கொண்டார். லாரி வர வேண்டிய நாளுக்கு முந்தின மாலை, அவற்றை மடித்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்குவார். மற்றப் பதின்மூன்று குடும்பங்களும் ஆளுக்கொன்று எடுக்கும். வந்த எண்ணை ரப்பர் பேண்டு போட்டுக் குடத்தின் கழுத்தில் மாட்டிவிட வேண்டும். குடம் அந்த வரிசைப்படி நிற்கும். பதினான்காம் எண்ணை அவர் டப்பாவில் போடவே மாட்டார். அதைத் தன் குடத்துக்கு வைத்துக்கொள்வார். ஏன் எப்போதும் கடைசி என்று ஒருமுறை கேட்டேன். "எண்ணிற ஆள் முன்னுக்கு நிண்டால் சனம் நம்பாது," என்றார்.

பெண் பிள்ளைகளை அவர் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. எல்லோரும் அவருக்குப் பெட்டை. "எடி பெட்டை, இஞ்ச வா." "பெட்டையள், குடத்தை நேரா வையுங்கோ." தன் மகளையும் அப்படித்தான். எங்களுக்கு அது முதலில் சிரிப்பாக இருந்தது. பெட்டை என்று நாங்கள் நாயைச் சொல்வோம், கோழியைச் சொல்வோம். பெண்ணைச் சொன்னால் அது திட்டு. பிறகு பழகிவிட்டது. பெரியவர்களுக்குப் பழகியதா என்று நாங்கள் யோசிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை மாலைக் குலுக்கலில் எனக்குப் பதின்மூன்று வந்தது. பதின்மூன்று என்றால் லாரித் தண்ணீர் கிடையாது. இரண்டு தெரு தள்ளி இருந்த கைப்பம்புக்கு அம்மாவோடு நானும் குடம் தூக்கிப் போக வேண்டும். எனக்குப் பத்து வயது. பள்ளி விடுமுறை. வீட்டுக் கூடத்தில் காலண்டர் தொங்கியது. மறுநாள் விடிந்ததும் அதன் அடியில் கைவிட்டு, இரண்டு என்று பெரிதாக அச்சிட்ட ஒரு தாளைக் கிழித்தேன். குடத்தில் இருந்த பதின்மூன்றைக் கசக்கிச் சாக்கடையில் போட்டுவிட்டு, இரண்டை மாட்டி, குடத்தை முன்னால் நகர்த்தி வைத்தேன்.

லாரி வருவதற்கு முன் மாடி மாமா வரிசையைச் சரிபார்க்க வந்தார். இரண்டாம் எண்ணில் இரண்டு குடங்கள் நின்றன. என் குடத்துத் தாளை உருவி, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

"எடி கள்ளப் பெட்டை!"

சந்து முழுக்கக் கேட்டது. குடங்களோடு நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இது ஜூன் ரெண்டு. இன்னும் பிறக்காத நாளையெல்லோ கிழிச்சுக்கொண்டு வந்திருக்கிறாய். கொண்டுபோய்க் காலண்டருக்குள்ள வை," என்று சொல்லித் தாளை என் கையில் திணித்தார். எங்கள் குடத்தைத் தூக்கித் தன் குடத்துக்கு முன்னால் பதின்மூன்றாவதாக வைத்தார்.

சந்துக்காரர்கள் கேட்டது அந்த இரண்டு சொற்களை மட்டும்தான். கள்ள என்று தொடங்கும் எதையும் அவர்கள் மாலைப் பத்திரிகையில்தான் படித்திருந்தார்கள். அதோடு பெட்டையும் சேர்ந்துவிட்டது.

கீழ்வீட்டு மாமி என்னைக் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். அவர்கள்தான் வீட்டுக்காரர்கள். எங்களுக்கும் மாடி மாமாவுக்கும் வீடு வாடகைக்கு விட்டவர்கள்.

"உன்னைப் பாத்துத்தானேடி சொன்னார்?"

"ஆமா மாமி."

"நீ என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலை."

பின்னாளில் பத்திரிகை வேலையில், ஒரு செய்தியைக் கெடுக்கப் பொய் தேவையில்லை, ஒரு வரியை விட்டுவிட்டால் போதும் என்று கற்றுக்கொண்டேன். அன்று நான் பொய்யும் சொன்னேன், வரியையும் விட்டேன். அழவும் செய்தேன். அந்த அழுகை மட்டும் உண்மை. ஜூன் இரண்டாம் தேதி என் பாவாடைப் பையில் இருந்தது.

மாலைக்குள் விஷயம் முடிவாகிவிட்டது. "நாலு பொண்கொழந்தைகள் இருக்கற எடம். நாக்கு சுத்தமில்லாதவாளை ஆத்துல வெச்சுக்க முடியாது," என்று வீட்டுக்கார மாமா படிக்கட்டில் நின்று அப்பாவிடம் சொன்னார். "ஞாயித்துக்கெழமை கூப்பிட்டுப் பேசிடறேன். இந்த மாசத்தோட காலி பண்ணட்டும்." அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தார். திருநெல்வேலிக்காரர். வீட்டுக்காரரோடு வாதாடும் பழக்கம் இல்லாதவர். "விசாரிச்சுக்கிட்டு செய்யலாம் சார்," என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை மாடி மாமாவின் மகள் என்னைப் படிக்கட்டில் மறித்தாள். "நீ என்ன சொன்னனி?" என்று கேட்டாள். நான் அவளைத் தாண்டி இறங்கிப் போனேன். மாடி வீடு காலியானால் வகுப்பில் என் பக்கத்து இடமும் காலியாகும் என்பது அப்போதுதான் உறைத்தது. இலங்கைக்காரர் என்றால் சந்தில் வேறு யாரும் வீடு தர மாட்டார்கள் என்று அம்மா சொல்லிக் கேட்டிருந்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு காலை கீழ்வீட்டுக் கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அப்பா கடைக்கு மதியம் வருவதாகச் சொல்லிவிட்டு, என்னையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனார். மாடி மாமா தேய்த்த சட்டை போட்டு, அதை வேட்டிக்குள் விட்டிருந்தார். அவர் மனைவி பின்னால் வந்தார். மகள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். மாமாவின் கையில் நூல் கட்டிய ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். அவர் தொடங்குவதற்கு முன் மாடி மாமா உறையைப் பிரித்து, உள்ளே இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கினார். சில காகிதங்களில் மூவரின் படமும் ஒட்டி, அதன்மேல் ஊதா முத்திரை விழுந்திருந்தது.

"எல்லாம் ஒழுங்கா இருக்கு ஐயா. போன கிழமையும் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டனான். இது அந்தத் துண்டுச் சீட்டு. பாருங்கோ."

"இதெல்லாம் எதுக்கு சார்?" என்றார் வீட்டுக்காரர், கொஞ்சம் குழம்பி. "நான் கூப்பிட்டது வேற விஷயம். நீங்க ஒரு வார்த்தை சொன்னேளாம்."

"என்ன வார்த்தை?"

அதைச் சொல்லத்தான் அங்கே ஆளில்லை. வீட்டுக்காரர் மாமியைப் பார்த்தார். மாமி மின்விசிறியைப் பார்த்தார். அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். சுவாமி படங்கள் வரிசையாக மாட்டிய கூடத்தில் அந்த வார்த்தையை யார் வாயால் சொல்வது என்பதில் எல்லோருக்கும் தயக்கம். கடைசியில் அத்தனை கண்களும் என்மேல் வந்து நின்றன.

"கொழந்தையே சொல்லட்டும்," என்றார் மாமி.

"கள்ளப் பெட்டை," என்றேன்.

மாடி மாமா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். "அதோ?" என்றார். "அதுக்குத்தான் கூப்பிட்டனீங்களோ?" சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முயன்று முடியாமல் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரரின் முகம் சிவந்தது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"குறை நினையாதேங்கோ ஐயா," என்றார் மாடி மாமாவின் மனைவி. "எங்கட ஊரில பெட்டை எண்டா பொம்பிளைப் பிள்ளை. என்னையும் என்ர அம்மா அப்பிடித்தான் கூப்பிடுறவ. கள்ளப் பெட்டை எண்டா குழப்படிக்காரி, குறும்புக்காரி. செல்லமாச் சொல்லுறது."

"செல்லமோ என்னமோ," என்றார் மாமி. "சும்மா நின்னுண்டிருந்த கொழந்தையை எதுக்கு அப்படிச் சொல்லணும்?"

மாடி மாமா என்னைப் பார்த்தார். இப்போது சிரிப்பு நின்றிருந்தது. அவர் சொல்லிவிடுவார் என்று அம்மாவின் பின்னால் நகர்ந்தேன்.

"சும்மாதான். பகிடிக்கு," என்றார்.

"வெளையாட்டுக்கா?" என்றார் மாமி.

"ஓம். பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

வீட்டுக்காரர் மாமியைப் பார்த்தார். அந்தப் பதிலில் அவர்களுக்குத் திருப்தி இல்லை என்பது தெரிந்தது. நிலைப்படியில் நின்ற மகள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். அவள் காத்திருப்பதுபோலப் பார்த்தாள்.

"நான் நம்பரை மாத்தினேன்," என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். எங்கள் காலண்டரில் ரெண்டைக் கிழித்தேன், பதின்மூன்றைச் சாக்கடையில் போட்டேன், குடத்தை முன்னால் வைத்தேன், மாமா கண்டுபிடித்துவிட்டார், அதனால்தான் சிரித்தார், அதனால்தான் சொன்னார். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

கூடத்தில் ஒரு மாற்றம் நடந்தது. மாமி நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"ரெண்டா? ரெண்டு நம்ம குடம்னா!"

"நம்மளதா?" என்றார் வீட்டுக்காரர்.

"வெள்ளிக்கெழமைக்கு நமக்குத்தானே ரெண்டு வந்தது! இவர் பாக்கலேன்னா நம்ம தண்ணியை இவான்னா பிடிச்சிண்டு போயிருப்பா!"

அந்தக் கோடையில் எங்கள் சந்தில் வாய்த் துடுக்குக்கு மன்னிப்பு உண்டு, வரிசை தாண்டியவருக்குக் கிடையாது. மாமியின் கோபம் முழுசாக என் பக்கம் திரும்பியது. மாடி மாமாவைப் பார்த்து, "இதை மொதல்லயே சொல்லியிருக்கப்படாதா?" என்று கடிந்துகொண்டார். அது மன்னிப்புக் கேட்பதற்கு மிக அருகில் இருந்தது.

அப்பா எழுந்து என் காதைப் பிடித்தார். "ஏ மூதி! ஊர்ப் பழியை வாங்கிக் கொடுக்கப் பாத்தியாட்டி?"

"மூதியா?" என்றார் மாமி. "அது மட்டும் நல்ல வார்த்தையோ?"

அப்பா காதை விட்டுவிட்டார். "எங்க ஊர்ல செல்லமாச் சொல்றதுதான் மாமி," என்றார். முதலில் சிரித்தது வீட்டுக்காரர். பிறகு அம்மா. மாடி மாமா மட்டும் அப்போது சிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த காகிதங்களின் ஓரங்களைச் சேர்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே ஹாரன் கேட்டது. அன்று லாரி நாளே இல்லை. கிளீனர் ஏணியில் தொங்கியபடி கத்தினார்: "இன்னா நைனா, எல்லாம் ஊட்டுக்குள்ள மீட்டிங் போட்டுக்கினு கீறீங்க? தண்ணி வோணுமா வாணாமா? சாவுகிராக்கிங்களா, குடத்த எடுத்தாங்கய்யா!"

"தோ வந்துட்டோம்பா, போயிடாதே!" என்று வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். சாவுகிராக்கி என்றதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. குலுக்கல் இல்லாததால் பழைய எண்களே இருக்கட்டும் என்று மாடி மாமா வாசலில் நின்று சத்தமாக அறிவித்தார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எங்கள் குடம் பதின்மூன்றாவதாக நின்றது. அன்று தண்ணீர் அதுவரைக்கும் வந்தது, அவர் குடத்துக்கும் வந்தது. வீடு காலி செய்யும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

குழாய்க்குக் கீழே என்னோடு சேர்ந்து குடத்தைப் பிடித்திருந்த அப்பாவிடம், "திட்டினதுக்கு எதுக்குப்பா மாமா சர்டிபிகேட் எல்லாம் கொண்டுவந்தாரு?" என்று கேட்டேன். "குடத்தைச் சாய்க்காமப் பிடிட்டி," என்றார். தலைமையாசிரியை கூப்பிட்டால் நாங்கள் மதிப்பெண் அட்டையோடு போவோமே, அதுபோல என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு கெட்ட வார்த்தைக்காகத்தான் கூப்பிட்டார்கள் என்று தெரிந்ததும் ஒரு மனிதர் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார் என்றால், வேறு எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவர் படி இறங்கியிருப்பார் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, என் தோழி போகப்போவதில்லை, காது வலியும் குறைந்துவிட்டது. அது போதுமாக இருந்தது.

மறுநாளிலிருந்து அவர் எங்களைப் பாப்பா என்று கூப்பிட்டார். தன் மகளையும் வாசலில் அப்படித்தான் கூப்பிட்டார். எங்களுக்கு மரியாதை வந்துவிட்டதாக நான் மகிழ்ந்தேன்.

அந்த ஞாயிறு மத்தியானம் முழுக்க எங்கள் கூரைக்கு மேலே பெட்டிகள் இழுபடும் சத்தம். பாத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் வைக்கப்படும் சத்தம். நடுவில் மூவரும் ஏதோ சொல்லிச் சிரிப்பதும் கேட்டது. "மாடியில வீட்டை ஒழிச்சு சுத்தம் பண்றாங்க போல," என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். கட்டி வைத்ததைப் பிரித்து மறுபடி அடுக்கும் சத்தமும் அதேதான் என்பது தெரிய, நானே சில வீடுகள் மாற வேண்டியிருந்தது.