வயசு ஏறாத அணு

போடியில் பியூலா டீச்சர் என்றாலே பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொஞ்சம் உதறல்தான். அணுக்கருப் பாடம் வந்துவிட்டால், எம்.ஃபில்லில் தான் மல்லுக்கட்டிய சிலிக்கன்-34ஐ இழுக்காமல் விடமாட்டாள்.

"மண்ணுல கெடக்குற சிலிக்கன்ல கூடிப்போனா பதினாறு நியூட்ரான். இதுல இருபது. தாங்குமா? மூணு செகண்டுக்குள்ள இருக்குற அணுவுல பாதி சிதைஞ்சு பாஸ்பரசா மாறிப்போகும்."

ஸ்வீட்டி என்ற மாணவி எழுந்தாள். "பத்து செகண்டு தப்பிச்ச அணு இருந்தா, அது கெட்டிதானே டீச்சர்?"

"கெட்டியும் இல்ல, கிழடும் இல்ல. அதுக்கு வயசே ஏறாது. இப்பப் பொறந்ததுக்கு என்ன ஆபத்தோ அதேதான் அதுக்கும். இதுவரைக்கும் தப்பிச்சுருச்சேன்னு நம்பக் கூடாது."

சொன்னதும் அவளுக்குத் தன் வீட்டு நினைப்பு வந்தது. புருஷன் சாம் குரங்கணி மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவன். பத்துப் பேருக்கான வண்டியில், ஏலக்காய் பறிக்கப் போகும் சிலமலை ஊர்ப் பெண்களை இருபதுக்கு மேல் அடைப்பான். பின்படியில் வேறு தொங்குவார்கள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன்தான், ஆனாலும் அந்தப் பெண்கள் டயருக்கடியில் வைக்கும் எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் கிளம்பமாட்டான். பழம் நசுங்கியதும் எல்லாருக்கும் பயம் விட்டுப்போகும். என்ன தைரியமோ!

மறுநாள் விடிந்ததும் பியூலா ஜீப் ஸ்டாண்டுக்கே போய்விட்டாள்.

"பாதிப் பேர எறக்கிவிடுங்க."

"கல்யாணத்துக்கு முந்தியிருந்து ஓட்டுறேன். ஒரு கீறல் விழுந்துருக்கா? ஒன் பாடத்தப் பள்ளிக்கூடத்தோட வச்சுக்க, புள்ள" என்றான் சாம்.

"நேத்துத் தப்பிச்சது இன்னைக்குக் காவலுக்கு வராதுங்க."

படியில் தொங்கிய கருத்தம்மாள்தான் குறுக்கே பேசினாள். "நான் எறங்குனா இன்னொருத்தி ஏறிக்கிருவா டீச்சர். வெரசா எடு அப்பு, நேரமானா தோட்டத்துக் கங்காணி திருப்பி அனுப்பிருவான்."

ஜீப் போய்விட்டது. சற்று நேரத்தில் மலைப்பக்கம் மழை இறங்கியது. அன்று பியூலா பாடம் நடத்தாமல், பிள்ளைகளைப் பழைய கணக்கையே போடச் சொல்லிவிட்டாள். யார் செல்போன் அடித்தாலும் சாமுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று வாசல் வரை ஓடினாள். ஜெபித்த வார்த்தைகளையே திரும்பத் திரும்ப ஜெபித்தாள்.

பொழுது சாய வண்டி பத்திரமாக வந்து நின்றது. வாசலில் கால் கழுவிக்கொண்டே சாம் சிரித்தான்.

"பாத்தியா? இந்த மழையிலயே ஒண்ணும் ஆகல. நாளைக்கு இன்னும் மூணு பேரு வர்றோம்னாளுக. சரின்னுட்டேன்."