ஒன்றே கால் அங்குல அக்கா

என் மேசையின் வலது ஓரத்தில் ஒன்றே கால் அங்குல உயரத்தில் என் அக்கா நிற்கிறாள். சுட்ட மண். தலைத்துணி, நெற்றியிலிருந்து முதுகுக்கு இறங்கும் கூடைக் கயிறு, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, எல்லாம் அந்த ஒன்றே கால் அங்குலத்துக்குள் இருக்கின்றன. ஒரு பக்கம் தீ பட்டுக் கறுத்திருக்கிறது. அவளுக்கு இடப்பக்கம் நான் எதையும் வைப்பதில்லை. வீடு கூட்ட வரும் பெண் போன வாரம் அங்கே ஒரு பூச்சாடியைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் அவள் மிரண்டு போனாள். "சும்மா கெடக்குற எடந்தானே டீச்சர்" என்றாள். அவள்மேல் குற்றமில்லை, பார்ப்பவர்களுக்கு அது சும்மா கிடக்கிற இடந்தான்.

இந்த உருவத்தைச் செய்தவர் அக்காவின் கணவர், என் அத்தான். இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர்காரராக இருந்தார். தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். வாடி, அரைபட்டு, புளித்து வரும் கொழுந்தை அனல் காற்றில் உலர்த்தும் இயந்திரத்தின் முன்னால் இருபது வருடம் நின்றவர். இயந்திரத்தில் சூடு பார்க்கும் முள் ஒன்று இருந்தது. அதை யாரும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அத்தான் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் நெரித்து, மூக்கருகே கொண்டுபோய், "சரி" என்பார். ஸ்டோருக்கே பொறுப்பான டீமேக்கர் ஐயாவே அந்தச் "சரி"க்காகக் காத்து நிற்பார். இருபது வருடத்தில் அந்தக் கை ஒரு நாளும் தப்பியதில்லை என்று ஸ்டோரில் சொல்வார்கள்.

எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. அக்கா பன்னிரண்டு வயதில் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறி என்னைப் படிக்க வைத்தாள். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் நான் அவர்களோடு அதே லயத்துக் காம்பராவில், தோட்டம் கொடுத்த ஒற்றை அறையில்தான் இருந்தேன். படித்துவிட்டுத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன். அந்த வருடந்தான் அத்தானுக்கு இருமல் கூடியது. தேயிலைத் தூசியும் அடுப்புச் சூடும் நெஞ்சில் இறங்கிவிட்டதென்றார் தோட்டத்து மருந்தையா. "அந்த டிரையரை விட்டுட்டு வேற வேலை பாருப்பா. இல்லேன்னா ரெண்டு மழைக்காலம் தாங்க மாட்ட" என்று அக்காவையும் என்னையும் வைத்துக்கொண்டே சொன்னார். வேறு வேலை என்றால் மலையில் மண்வெட்டி பிடிக்க வேண்டும். அதற்கு அந்த நெஞ்சு ஆகாது. வேலைக்குப் போகாவிட்டால் தோட்டத்துப் பேரேட்டிலிருந்து பேர் வெட்டுவார்கள். பேர் வெட்டினால் காம்பராவும் போய்விடும். ஆகவே அத்தான் மறுநாளும் டிரையருக்குத்தான் போனார்.

மண் வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. சீமையில் தேயிலைப் பொட்டலத்துக்குள் பிள்ளைகளுக்காகப் படச் சீட்டு வைப்பார்களாம். அப்படி வந்த ஒரு கட்டுச் சீட்டை டீமேக்கர் ஐயா அத்தானுக்குக் கொடுத்திருந்தார். எல்லாம் மனிதன் பிறப்பதற்குக் கோடி கோடி வருடங்களுக்கு முன்னால் இருந்து அழிந்த மிருகங்கள். மூன்று கொம்புடையது, முதுகில் பலகை பலகையாக எழுந்தது, கழுத்தே பாதி உடம்பானது. நாம் காய்ச்சி அனுப்பிய தேயிலைக்குள் இதையா வைத்தார்கள் என்று அத்தான் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்து ஆங்கிலத்தை நான் படித்துச் சொன்னேன். அவர் கேட்டதெல்லாம் எத்தனை அடி நீளம், எத்தனை அடி உயரம் என்பதைத்தான்.

லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குக் கீழே, தண்ணீர் எப்போதும் கசிகிற இடத்தில், வெண்ணெய் மாதிரி மண் கிடைக்கும். அதைக் கொண்டுவந்து கல் பொறுக்கிப் பிசைந்து, ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று அளவு வைத்துக்கொண்டார். மூங்கில் சிம்பில் கோடு கீறினார், அதுவே அளவுகோல். தோலுக்கு அவர் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புத்தான். தேயிலை சலிக்கும் பழைய சல்லடைத் துண்டுகளை ஈர மண்ணில் அழுத்துவார். வயிற்றுக்குத் தூள் சலிக்கும் நுண்கண், முதுகுக்குப் பெரிய இலை சலிக்கும் பெருங்கண். தொட்டுப் பார்த்தால் உயிருள்ள தோலைத் தொட்டது போல விரல் கூசும்.

"அளவு தப்புனா பொம்மை டீச்சர். அளவு சரியா இருந்தாத்தான் மிருகம்" என்பார். என்னை டீச்சர் என்று கேலியாகக் கூப்பிடத் தொடங்கி அதுவே நிலைத்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு மிருகத்தின் பருமன் விளங்க வேண்டுமே என்று அதே அளவில் ஓர் ஆளையும் செய்தார். அக்கா ஐந்தடி. ஒன்றே கால் அங்குலம். ஒவ்வொரு மிருகம் முடிந்ததும் அவளைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார். "என்னைய ஏன் இந்த அசிங்கத்துக்குப் பக்கத்துல நிப்பாட்டுறீங்க?" என்று அக்கா முகத்தைச் சுளிப்பாள். வாய் பெருத்துக் கை சிறுத்த ஒன்றுக்கு, மலையில் அவர்களை அதட்டி வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையின் பெயரையும் வைத்தாள். "வாய்தான் பெருசு, கை ஒண்ணுத்துக்கும் ஆகாது" என்றாள். அந்தச் சிரிப்பெல்லாம் ஒரு வருடத்துக்குள் முடிந்துபோகும் என்று யாருக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்த வித்தியாதரிசி என் மேசைமேல் இருந்த மூன்று கொம்பனைக் கண்டார். தன் அளவுகோலை எடுத்து, சீட்டிலுள்ள கணக்கோடு ஒப்பிட்டு அளந்தார். ஒரு நூல் அளவும் தப்பவில்லை. அடுத்த மாதம் நுவரெலியாவில் கண்காட்சி, பழம்பொருள்கள் வைத்திருக்கும் கொழும்பு நூதனசாலையிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார், பிள்ளைகளுக்காக இப்படிப்பட்ட உருவங்கள் செய்ய ஆள் தேடுகிறார்கள் என்றார். நாட்கூலி வேலைதான், ஆகவே அத்தானிடம் இல்லாத பிரஜாவுரிமைப் பத்திரத்தைக் கேட்க மாட்டார்கள் என்றும் சொன்னார். ஆறு உருவங்கள் போதும், ஆனால் சுட்டுக் கொண்டுவர வேண்டும், பச்சை மண் கொழும்புவரை தாங்காது என்று ஆங்கிலத்தில் ஒரு துண்டும் எழுதிக் கொடுத்தார். ஓட்டமாக லயத்துக்கு வந்தேன். தூசியில்லாத ஓர் அறையில், சன்னல் பக்கத்தில் உட்கார்ந்து மண் பிசையும் அத்தானை வழியெல்லாம் கண்ணால் கண்டேன்.

ஆறும் தயாராகவே இருந்தன. மாதக்கணக்கில் சாக்குப் போர்த்தி ஸ்டோர் மேல்மாடியில் உலர்ந்தவை. எனக்குத்தான் அது போதவில்லை. சீட்டுகளில் எண்பதடி நீளத்து நெட்டைக் கழுத்து ஒன்று இருந்தது; எங்கள் அளவில் இருபது அங்குலம். அதைக் கண்டால் கொழும்புப் பெரியவர் வேறு யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார் என்று என் புத்தி சொல்லியது. கேட்டால் அத்தான், நாள் காணாது என்பார். ஆகவே பொய் சொன்னேன். "ஏழு வேணுமாம் அத்தான். அந்தப் பெருசையும் கேக்குறாரு" என்றேன். அவர் கையை நீட்டினார். துண்டை வாங்கிச் சீட்டுக்கட்டோடு வைத்தார். அன்று மாலையே மண்ணுக்குப் போனார்.

அந்த நெட்டைக் கழுத்தைப் போல ஒன்றை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை. தூண் மாதிரி நான்கு கால், மலைச்சரிவு போல இறங்கும் முதுகு, கோழிமுட்டையைவிடச் சின்னத் தலை. மூன்று வாரந்தான் உலர்ந்திருந்தது. மழைநாட்கள் வேறு. அத்தான் தினமும் உள்ளங்கையை அதன் வயிற்றில் வைத்துப் பார்ப்பார், மூக்கை வைத்து மணந்து பார்ப்பார். கண்காட்சிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை, "சரி" என்றார்.

ஸ்டோர் ஓய்ந்திருந்த அந்த ஞாயிறு, டிரையர் அடுப்புக்குள் இரும்புத் தகடு போட்டு ஏழையும் அடுக்கினார். மூலையில் மண் அக்காவையும் வைத்தார். வாசலோரத்தில் சிறுதீ மூட்டி, மெல்ல மெல்ல விறகைக் கூட்டினார். அக்கா சோறு கொண்டு வந்திருந்தாள். பதினொரு மணியளவில் உள்ளே ஒரு சத்தம், மூடிய பெட்டிக்குள் கல் விழுந்த மாதிரி. பிறகு இன்னொன்று. பிறகு படபடவென்று. அத்தான் எழுந்து நின்றார், ஒன்றும் செய்யவில்லை. தீயை இழுத்துவிட்டாலும் பயனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரியது உள்ளே ஈரமாக இருந்திருக்கிறது. அது வெடித்துச் சிதறியதில் சுற்றி நின்ற ஆறும் நொறுங்கிவிட்டன. தேயிலைக்கு வெளிப்புறம், உட்புறம் என்று இரண்டு கிடையாது. மேலே காய்ந்தால் காய்ந்ததுதான். இருபது வருடம் தேயிலையை அறிந்த கை மண்ணையும் அப்படித்தான் அறிந்தது. ஆறிய பிறகு சாம்பலைக் கிளறினோம். மூலையில் நின்ற சின்ன உருவமானதால் அக்கா மட்டும் முழுசாகக் கிடைத்தாள்.

"கைதான் பொய் சொல்லிருச்சு டீச்சர்" என்றார் அத்தான். பொய் சொன்னது நான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நான் சாம்பலை வாரிக்கொண்டிருந்தேன். மறுநாள் அந்த ஓட்டுத் துண்டுகளைப் பொடித்து, பெண்கள் வழுக்கி விழுகிற பீலிப் பாதையில் கொட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

கண்காட்சிக்கு நான் மட்டும் போனேன், கைலேஞ்சித் துணியில் மண் அக்காவைச் சுற்றிக்கொண்டு. கொழும்புப் பெரியவர் அதை வெகுநேரம் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர். "அருமையான கை. இது எந்த மிருகத்துக்கு அளவு? மிருகம் எங்கே?" என்று கேட்டார். நான் அக்காவை மறுபடி துணியில் சுற்றினேன். அடுத்த வருடம் கொண்டுவாருங்கள் என்றார்.

அடுத்த வருடம் அத்தானால் ஸ்டோர்ப் படியேற முடியவில்லை. ஆனால் அதற்கு முன்பே அவர் முடிந்துவிட்டார் என்றுதான் சொல்வேன். தேயிலையை அள்ளி நெரித்து மணந்து பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த ஆளிடம் நீட்டி, "நீ பாரு, சரியா இருக்கா?" என்று கேட்கத் தொடங்கினார். டீமேக்கர் ஐயாதான் இதை என்னிடம் சொன்னார். மண்ணை அத்தான் பிறகு தொடவேயில்லை. மருந்தையா சொன்னபடி இரண்டாவது மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று எனக்கு யாரும் சொல்ல வர வேண்டாம். ஆற்றவில்லை.

சில வருடங்கள் கழித்து, பிரஜாவுரிமை இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி அக்கா இரண்டு பிள்ளைகளோடு இந்தியாவுக்குப் புறப்பட்டாள். வட்டகொடை ஸ்டேஷனில் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவளிடம், இனிமேல் சொல்ல முடியாது என்று தோன்றியதால், எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு போதுமென்று எழுதியிருந்ததை, ஏழு என்று நான் சொன்னதை. அக்கா ஆச்சரியப்படவில்லை.

"அது அவருக்குத் தெரியும்டி. அன்னைக்கே டீமேக்கர் ஐயாகிட்டக் காட்டிப் படிச்சுக்கிட்டாரு. ஆறுன்னுதான் இருந்துச்சாம்."

"தெரிஞ்சும் ஏன்க்கா செஞ்சாரு?"

"புள்ள ஆசைப்படுது, செஞ்சுதான் பாப்போமேன்னாரு. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

ரயில் வந்துவிட்டது. அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதுவரை அவளிடமே இருந்த இந்த உருவத்தை என் கையில் வைத்தாள். "இங்க நான் மிஞ்சினது இவ்வளவுதான். நீயே வச்சுக்க" என்றாள். இரண்டு கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

பூச்சாடியை எடுத்துவிட்டு, போன வாரம் அத்தானின் மூங்கில் சிம்பை வைத்து அந்த இடத்தை மறுபடி அளந்தேன். அக்காவின் இடது காலடியிலிருந்து சரியாக இருபது அங்குலம். மேசை துடைக்க வரும் பெண்ணுக்குத் தெரியட்டும் என்று அந்த எல்லையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.