ஹில்க்கா விறகு பிளந்த அன்று

ஏப்ரலிலும் பனி உருகாத இவாலோ ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் ஹில்க்கா முப்பத்தொரு வருஷம் காய் நறுக்கினாள். பத்து விரலும் முழுசாக இருக்கின்றன. அவளோடு வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரும் அவளுடைய நிதானத்தைத் திட்டித் தீர்த்தவர்கள்தான். "பதறாத காரியம் சிதறாதுடி, போய் உன் அடுப்பைப் பாரு" என்று அவர்கள் வாயை அடைத்துவிடுவாள்.

போன ஏப்ரலில் அந்த நிதானம் அவளை உயிரோடு வதைத்தது.

அவளும் கணவன் தைஸ்தோவும் பனிச்சறுக்கில் காட்டுக்குள் கிளம்பி அது மூன்றாம் நாள். ஓடை கலக்கிற இடத்தில் ஏரிப்பனி மெலிந்திருக்கும் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த மகானுபாவனுக்கும் தெரியும். ஆனாலும் குறுக்கே போனான், உள்ளே விழுந்தான். எரிவாயு அடுப்பு இருந்த அவன் பை தண்ணீரோடு போயிற்று. ஹில்க்கா கயிறு வீசி அவனை இழுத்து, வழிப்போக்கர் குடிலுக்குள் கொண்டுவந்து சேர்த்தபோது அவன் பற்கள் தந்தியடித்தன. ஈரத்துணியை உருவிப் போட்டு, தன்னுடைய காய்ந்த தூக்கப்பைக்குள் அவனைத் திணித்தாள்.

கணப்படுப்புப் பக்கம் திரும்பினாள். தங்கிப் போகிறவர்கள் அடுத்து வருகிறவர்கள் தீமூட்டச் சிராய் பிளந்து வைத்துவிட்டுப் போவதுதான் அந்தக் காட்டின் வழக்கம். இங்கே கிடந்தவையோ லேசில் தீப்பிடிக்காத முழுக்கட்டைகள். கோடரியின் தலை எங்கோ போய், காம்பு மட்டும் மூலையில் சாய்ந்திருந்தது.

"நாசமாப் போறவனுங்க! இவனுங்க கை அழுகிப் போக!"

"சீக்கிரம்டி..." என்றான் தைஸ்தோ. நாக்கு குழறியது.

இடுப்பில் கத்தி இருந்தது. அந்த ஊர்க் கத்திக்குப் பிடிக்கும் அலகுக்கும் நடுவே தடுப்பு கிடையாது, வழுக்கினால் விரல் நேரே கூரில்தான் போய் நிற்கும். அவள் விரல்களோ மரத்துப்போயிருந்தன, அறுபட்டாலும் தெரியாது. அவள் கை போனால் இரண்டு பேருக்குமே அதோகதி.

முடிச்சில்லாத கட்டையாகத் தேடினாள். ஆமாம், புருஷன் விறைத்துக்கொண்டிருக்க, உட்கார்ந்து தேடினாள்! அதைத் தரையில் நிறுத்தி, பக்கவாட்டில் மண்டியிட்டாள். கட்டையைக் கையால் பிடிக்கவில்லை. அதன் தலையில் கத்தியை வைத்து, வெளியே நீண்ட முனையின் முதுகில் கோடரிக் காம்பால் மெல்லத் தட்டினாள். டக். டக்.

"நடுக்கம் நின்னுடுச்சுடி... சுகமா இருக்கு."

குளிரில் நடுக்கம் நிற்பது நல்லதுக்கு இல்லை, உடம்பு கைவிடுகிறது என்று அர்த்தம்.

"யோவ், தூங்காதே! தூங்கினே, கொன்னுடுவேன்! உன் தங்கச்சி பேரைச் சொல்லு!"

அவன் கண் சொருகியது. வேகமாக ஓங்கி ஒன்று போட்டாள். கத்தி திருகிக்கொண்டு எகிறியது. பிடிக்கப் பாய்ந்த இரண்டு கைகளையும் நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். விழுகிற கத்தியைப் பிடிக்காதே என்று சமையலறையில் எத்தனை பெண்களை அடித்துத் திருத்தியிருப்பாள்! அவள் முழங்காலுக்கு நாலு விரல் தள்ளி, கத்தி பலகையில் குத்தி நின்றது.

எடுத்து மறுபடி கட்டையில் வைத்தாள். கண்ணீர் தாடையில் இறங்கியது. அந்தப் பாவி மகள், முன்னைவிட மெதுவாகத்தான் அடித்தாள்.

கட்டை பிளந்தது. இரண்டு நாலாகி, நாலு எட்டாகி, விரல் தடிமனுக்கு வந்தது. கட்டையிலிருந்து உரித்த பூர்ஜ மரப்பட்டையில் மூன்றாவது தீக்குச்சி பிடித்துக்கொண்டது. அடுப்பு உறுமத் தொடங்கியதும் அவளும் தூக்கப்பைக்குள் புகுந்து அவனை இறுக்கிக்கொண்டாள்.

நெடுநேரம் கழித்து அவன் உடம்பு மறுபடியும் உதறியது.

"நடுங்கு! என் ராசா, நல்லா நடுங்கு!" என்று கத்தினாள்.

பிறகு பனியை உருக்கி, சர்க்கரை கலந்து, அவன் வாயருகே கொண்டுபோனாள்.

"அடியே, கப்பைக் கீழ வை" என்றான் தைஸ்தோ. "உன் கை ஆடுற ஆட்டத்துல மூக்குலதான் ஊத்தப்போறே."

அவள் குனிந்து பார்த்தாள். பாதித் தண்ணீர் அவன் நெஞ்சில் கொட்டியிருந்தது. அப்போதுதான் ஹில்க்கா ஓவென்று அழுதாள். அவன் இரண்டு கையாலும் கோப்பையை வாங்கி, முதல் வாயை அவளுக்குக் கொடுத்தான்.